46 கோழிகளும் ஒரு வைக்கோல் படுக்கையும்

முதலில் ஒரு மளிகைப் பட்டியல். பொறுமையாகப் படியுங்கள்.

சாதாரண ஒயின் 60 பாட்டில். உசத்தி ஒயின் 31 பாட்டில். பிராந்தி 3. ஷாம்பெய்ன் 2. லெமனேட் 6. பெரிய ரொட்டி 20. பாலாடைக்கட்டி 10. சாக்லேட் 6 பொட்டலம். ஆட்டுத் தொடை 4, தோள்கறி 4. கன்றுக்குட்டி இறைச்சி 6 துண்டு. மாட்டிறைச்சி ஒன்று. எலுமிச்சம்பழம் 6. மெழுகுவத்தி 4. அப்புறம் கோழி... பெரிசு 11, சிறிசு 35. ஆக 46 கோழிகள்!

'எந்த வீட்டுக் கல்யாணம்?' என்றுதானே கேட்கிறீர்கள்? கல்யாணமெல்லாம் இல்லை. 1851 ஆகஸ்ட்டில் நான்கு ஆங்கிலேயர்கள் ஒரு மலை ஏறி இறங்கினார்கள். இரண்டே நாள் வேலை. அதற்கான சாப்பாட்டுச் சாமான்தான் இது.

மலை - மான்ட் ப்ளாங்க். ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே உயரமான சிகரம். 4,800 மீட்டருக்கும் கொஞ்சம் மேலே. நான்கு பேரில் மூன்று பேர் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள். நான்காமவர்தான் நம் கதாநாயகர் - ஆல்பர்ட் ஸ்மித். மருத்துவம் படித்துவிட்டு, அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு நகைச்சுவை எழுதப் போனவர். சின்ன வயதில் மான்ட் ப்ளாங்க் பற்றி ஒரு குட்டிப் புத்தகம் படித்ததிலிருந்து அந்த மலை மேல் பைத்தியம். 35 வயதில்தான் ஆசை நிறைவேறியது. உடற்பயிற்சிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இன்று வாரக் கடைசியில் பை ஒன்றை மாட்டிக்கொண்டு 'நானும் ட்ரெக்கிங் போறேன்' என்று கிளம்பும் நம் பக்கத்து வீட்டுப் பையனின் கொள்ளுத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

சிகரத்துக்குப் போகும் வழியிலேயே ஸ்மித்துக்கு நாக்கு வறண்டு, கண் சொருகி, பிதற்ற ஆரம்பித்துவிட்டார். வழிகாட்டிகள் கயிற்றைக் கட்டி, ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போனார்கள். ஒரு வழியாகச் சிகரம் வந்தது. வாழ்நாள் கனவு! அவர் என்ன செய்தார் தெரியுமா? பொத்தென்று விழுந்து தூங்கிவிட்டார்!

ஆனால், ஆள் கெட்டிக்காரர். ஊர் திரும்பி, மறு வருடமே லண்டன் பிக்கடிலியில் 'எகிப்து மண்டபம்' என்ற இடத்தில் இந்த அனுபவத்தையே ஒரு மேடை நிகழ்ச்சியாக்கினார். பின்னால் பெரிய ஓவியத்திரைகள் நகர, முன்னால் நின்று இவர் கதை சொல்லுவார். மேடையில் நிஜ செயின்ட் பெர்னார்ட் நாய்கள் வேறு. ஆறு சீஸன் ஓடியது. விக்டோரியா மகாராணியே கூப்பிட்டு அனுப்பிக் கேட்டார். லண்டனில் குமாஸ்தாவும் கடைக்காரரும்கூட 'நாமும் ஒரு தடவை மலைக்குப் போனா என்ன?' என்று யோசிக்க ஆரம்பித்ததில் இந்த மனிதருக்கு நிறையப் பங்கு உண்டு.

சரி, கோழிக் கணக்குக்கு வருவோம். நான்கு பேரால் 46 கோழி சாப்பிட முடியுமா? முடியாதுதான். கூடவே 16 வழிகாட்டிகள் போனார்கள். சுமை தூக்கத் தனியாக ஒரு கூட்டம். நான்கு பேருக்கு எதற்கு 16 வழிகாட்டி? அந்தஸ்துக்காகவா? இல்லை. சட்டம்! மான்ட் ப்ளாங்க் ஏற வரும் ஒவ்வொரு பயணியும் நான்கு வழிகாட்டிகளை அமர்த்தியே ஆக வேண்டும் என்று அந்த ஊரில் விதி இருந்தது.

அந்த விதி எப்படி வந்தது என்பதில் கோழி கிடையாது. பிணங்கள் இருக்கின்றன.

1820-ம் வருடம், ஆகஸ்ட் மாதம். டாக்டர் ஜோசஃப் ஹேமல் என்ற ரஷ்ய விஞ்ஞானி, இரண்டு ஆங்கிலேயர்களோடு மான்ட் ப்ளாங்க் அடிவாரத்தில் உள்ள ஷாமொனிக்கு வந்தார். வழிகாட்டிகளோடு பாதி தூரம் ஏறிய பிறகு வானிலை கெட்டுப்போனது. ஒரு பாறைத் திட்டில் முடங்கிக் கிடந்தார்கள். புதுப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழிகாட்டிகளுக்கு மேலே போக மனசில்லை. புதுப்பனி பழைய பனி மேல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும், மிதித்தால் சறுக்கிக்கொண்டு வரும் என்பது அந்த ஊரில் ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். ஹேமல் கேட்கவில்லை. மேலே போக வேண்டும் என்று நின்றார். கூலி கொடுப்பவர் அவராயிற்றே!

ஆகஸ்ட் 20. கொஞ்ச தூரம் போனதும் காலடியில் பனிச்சரிவு நகர்ந்தது. முன்னால் போன வழிகாட்டிகளை வாரிக்கொண்டு போய் ஒரு பனிப்பிளவுக்குள் தள்ளியது. மூன்று பேர் மேலே வரவேயில்லை. ஹேமலும் நண்பர்களும் பிழைத்தார்கள்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. மெய்சிலிர்க்கிற விஷயம். பனியாறு என்பது நிற்கிற பனி இல்லை, மெல்ல மெல்லக் கீழே ஊர்கிற பனி. அது ஊரும் வேகத்தைக் கணக்குப் போட்ட ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, 'சுமார் 40 வருடத்தில் அந்த உடல்கள் கீழே வந்து சேரும்' என்று சொல்லியிருந்தார். 1861-ல், சரியாக 41 வருடம் கழித்து, பனியாற்றின் கீழ் முனையில் எலும்புகளும் துணிகளும் வெளிவர ஆரம்பித்தன! அன்றைக்குத் தப்பிப் பிழைத்த வழிகாட்டி ஒருவர் அப்போது கிழவராக உயிரோடு இருந்தார். இளைஞனாகத் தன்னோடு மலை ஏறியவனின் எச்சத்தை, கிழவராக நின்று பார்த்தார்.

மூன்று சாவுக்குப் பிறகு ஷாமொனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மறு வருடமே, 1821-ல், வழிகாட்டிகள் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். யார் யாரோடு போவது என்பதற்கு முறை வைத்தார்கள் - பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் வரிசை வைப்பதுபோல. வருமானத்தில் ஒரு பகுதியை எடுத்து, செத்தவர்களின், அடிபட்டவர்களின் குடும்பத்துக்கென்று நிதி சேர்த்தார்கள். எனக்குத் தெரிந்து, உலகத்தில் புதுசாக மலைக்கு வருகிறவனைப் பத்திரமாகக் கூட்டிப்போவதை ஒரு தொழிலாக, ஒழுங்காக முதலில் உட்கார்ந்து யோசித்தவர்கள் இவர்கள்தான். சங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால், ஒன்று கவனித்தீர்களா? இதுவரை நாம் பார்த்த அத்தனை பேரும் காசு உள்ளவர்கள். 16 வழிகாட்டிக்கும் 46 கோழிக்கும் காசு இல்லாதவன் என்ன செய்வான்? அவனுக்குக் காடும் மலையும் பார்க்க ஆசை இருக்காதா?

இங்கே ஆல்ப்ஸிலிருந்து இறங்கி, ஜெர்மனியின் மேற்குப் பக்கம் போக வேண்டும். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும் நெருக்கியடித்த பிரதேசம். வருடம் 1909. அங்கே ஆல்டெனா என்ற சிற்றூரில் ரிச்சர்ட் ஷிர்மான் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். புகைக்குள் வளர்கிற பிள்ளைகளுக்கு மரமும் ஆறும் காட்டாமல் பாடம் நடத்திப் பிரயோஜனமில்லை என்று நினைத்தவர். லீவு விட்டால் போதும், பையன்களைக் கூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார்.

அந்த ஆகஸ்ட்டில் ஒரு வகுப்பையே அழைத்துக்கொண்டு ஆல்டெனாவிலிருந்து ஆஹென் நகரத்துக்கு நடைப்பயணம். எட்டு நாள். ஆகஸ்ட் 26-ம் தேதி, ப்ரோல் பள்ளத்தாக்கில் போய்க்கொண்டிருக்கும்போது இடியும் மின்னலுமாகப் பேய்மழை பிடித்துக்கொண்டது. ஒண்டக்கூட இடமில்லை. கடைசியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் கதவைத் திறந்தது. லீவு நாள், அறைகள் காலி. பக்கத்து விவசாயி படுக்க வைக்கோலும், குடிக்கப் பாலும் கொடுத்தார். பையன்கள் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, வைக்கோலைப் பரப்பி, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டார்கள். வெளியே விடிய விடிய இடி.

வாத்தியாருக்குத் தூக்கம் வரவில்லை. முழிச்சுக்கிட்டே யோசித்தார். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் இருக்கிறது. லீவில் எல்லாமே காலி. ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் இப்படிக் கதவைத் திறந்தால் போதுமே... பணமே இல்லாத பிள்ளைகூட நாடு முழுக்க நடக்கலாமே!

அவ்வளவுதான் யோசனை. இன்று உலகம் பூரா இருக்கிற 'யூத் ஹாஸ்டல்' என்ற சமாசாரம் அந்த வைக்கோலில்தான் பிறந்தது.

மறு வருடம் இதைப் பத்திரிகையில் கட்டுரையாக எழுதினார். ஆல்டெனாவில் தன் பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்துப் பார்த்தார். 1912-ல் ஊர்க்கோடியில் இருந்த பழைய கோட்டையில் நிரந்தரமான விடுதி திறக்கப்பட்டது. தடிமனான மரக்கட்டில்கள், அடுக்கடுக்காக. அந்த அறைகளை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

நடுவில் முதல் உலக யுத்தம். வாத்தியாரும் போர்முனைக்குப் போனார். 1915 கிறிஸ்துமஸ். வோஷ் மலைப்பகுதியில் ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் நேருக்கு நேர் பதுங்குகுழியில். பண்டிகையன்று இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்திவிட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, இவர்கள் கறுப்பு ரொட்டியும் பன்றி இறைச்சியும் கொடுக்க, அவர்கள் ஒயினும் சிகரெட்டும் கொடுக்க... ஷிர்மான் அதைப் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் சின்ன வயதிலேயே ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுந்தால் நல்லது என்ற நினைப்பு அவருக்கு அங்கேதான் வந்தது. 1932-ல் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேச யூத் ஹாஸ்டல் கூட்டமைப்பு அமைந்தபோது ஷிர்மான்தான் தலைவர். அப்போது ஜெர்மனியில் மட்டும் 2,000 விடுதிகளுக்கு மேல்!

மறு வருடம் ஹிட்லர் வந்தார். விடுதிகளை 'ஹிட்லர் இளைஞர் படை' எடுத்துக்கொண்டது. 1936-ல் சர்வதேசத் தலைவர் பதவியையும் ஷிர்மான் விட வேண்டியதாயிற்று. பையன்களுக்காகப் போட்ட கட்டில்களில் சீருடைக்காரர்கள் படுத்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு கிழவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். 1961-ல் காலமானார்.

ஷிர்மானின் யோசனை கடல் தாண்டி 1930-ல் இங்கிலாந்துக்கு வந்தது. ஒரு ராத்திரிக்கு ஒரு ஷில்லிங். ஆலைத் தொழிலாளி கொடுக்கக்கூடிய காசு. காலையில் கிளம்புமுன் தரையைப் பெருக்கி, பாத்திரம் தேய்த்துவிட்டுப் போக வேண்டும் (நம்ம வீட்டுப் பையன்களை அங்கே ஒரு மாசம் அனுப்பலாம்). படுக்க இடம் கிடைத்தாகிவிட்டது. ஆனால், நடக்க இடம்?

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் கிண்டர் ஸ்கௌட் என்று ஒரு மேடு இருக்கிறது. உயரம் 636 மீட்டர்தான். நம் ஏலகிரியைவிடக் குள்ளம். ஞாயிற்றுக்கிழமையானால் ஆலைத் தொழிலாளர்கள் ரயிலேறி அங்கே நடக்க வருவார்கள். ஆனால், மேட்டின் பெரும்பகுதி சீமான்களின் சொத்து. பறவை சுட்டு விளையாடுவதற்காக வைத்திருந்தார்கள். வருடத்தில் சில நாள் வேட்டைக்காக, வருடம் முழுக்கத் தடி பிடித்த காவலாட்கள்!

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஹேஃபீல்ட் என்ற ஊரில் சுமார் 400 பேர் கூடினார்கள். தலைமை தாங்கியவன் பென்னி ராத்மேன் என்ற 20 வயதுப் பையன். ரயில் நிலையத்தில் போலீஸ் தனக்காகக் காத்திருக்கும் என்று தெரிந்து, மான்செஸ்டரிலிருந்து சைக்கிளிலேயே வந்துவிட்டான். கூட்டமாக மேட்டில் ஏறினார்கள். காவலாட்களோடு கொஞ்சம் தள்ளுமுள்ளு. இறங்கி வரும்போது கைது. ஐந்து பேருக்கு ஜெயில் - இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை. ராத்மேனுக்கு நான்கு மாதம். ஞாயிற்றுக்கிழமை மலையில் நடந்ததற்கு!

விளைவு? ஜெயில் தண்டனைதான் ஊர் முழுக்கக் கோபத்தைக் கிளப்பியது. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம். 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, கிண்டர் ஸ்கௌட் இருக்கும் அதே பீக் டிஸ்ட்ரிக்ட். 70 வருடம் கழித்து 2002-ல் நடந்த நினைவு நாளில், அந்தப் பகுதியின் டெவன்ஷர் பிரபுவே வந்து தன் தாத்தா காலத்தில் நடந்தது பெரிய தவறு என்று மன்னிப்புக் கேட்டார்.

ஆக, படுக்க இடம் வந்தது. நடக்க உரிமையும் வந்தது. பிரச்னை தீர்ந்ததா? வாசலைத் திறந்துவிட்டால் உள்ளே வருகிறவன் வழுக்கி விழமாட்டான் என்று யார் சொன்னது?

கிண்டருக்குக் கொஞ்சம் வடக்கே லாடோ பாறைகள் என்ற இடம். 1928-ல் அங்கே ஓர் இளைஞருக்குத் தொடை எலும்பு முறிந்தது. தூக்கிவர ஸ்ட்ரெச்சர் கிடையாது. கிடைத்த பலகையில் கிடத்தி, மணிக்கணக்காகக் கரடுமுரடில் சுமந்தார்கள். வலி மருந்தும் இல்லை. கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மான்செஸ்டர் அறுவை சிகிச்சை நிபுணர் வில்சன் ஹே இதைப் பார்த்தார். கால் போனது பாறையால் அல்ல, இறக்கிக்கொண்டு வந்த விதத்தால் என்பது அவர் கட்சி.

அவரும் மலை நடப்பவர்தான். நண்பர்களோடு சேர்ந்து மலைக்கென்றே ஒரு ஸ்ட்ரெச்சர் செய்யவைத்தார்கள். அடிவாரங்களில் மீட்பு நிலையங்கள் வந்தன. ஹே இன்னொன்றும் செய்தார். அந்த நிலையங்களுக்குத் தன் பொறுப்பில் மார்ஃபின் ஊசி மருந்து கொடுத்தார். டாக்டரல்லாதவர்களிடம் மார்ஃபின் கொடுப்பது சட்டப்படி குற்றம். தெரிந்தேதான் கொடுத்தார், வருடக்கணக்காக. 1949-ல் வழக்குப் போட்டார்கள். 10 பவுண்டு அபராதம். கட்டினார். ஆனால், ஊரறிய வழக்கு நடந்ததே... அதன் பிறகுதான் அரசாங்கம் இறங்கி வந்து, மலை மீட்புக் குழுக்கள் மார்ஃபின் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. எனக்கென்னவோ ராத்மேனின் நான்கு மாத ஜெயிலுக்கு இந்த 10 பவுண்டு அபராதம் எந்த விதத்திலும் இளைத்ததில்லை என்றுதான் படுகிறது. ஆனால், ராத்மேனுக்குப் பாட்டெல்லாம் கட்டிவிட்டார்கள். டாக்டரை யாருக்குத் தெரியும்?

இந்த மாதிரி ஆட்கள் விட்டுப்போன சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய. இரண்டை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். 10 கிலோமீட்டர் பாதை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம். அதுவும் நல்லா நடக்கிறவனுக்கு. சாப்பாடு, போட்டோ, 'ஒரு நிமிஷம் உட்கார்றேன்' எல்லாம் சேர்த்துப் புதுசாக வருகிறவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு போட்டுக்கொள்வது உத்தமம். இருட்டுவதற்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பென்சிலும் பேப்பரும் போதும். ஆனால், எத்தனை பேர் போடுகிறோம்?

இன்னொன்று 1894-ல் வந்தது. மலையில் மாட்டிக்கொண்டால் ஒரு நிமிடத்தில் ஆறு தடவை விசில் ஊதணும். ராத்திரியானால் ஆறு தடவை டார்ச். பிறகு ஒரு நிமிடம் சும்மா. மறுபடி ஆறு. 'கேட்டுடுச்சு, வர்றோம்' என்பதற்குப் பதில் - நிமிடத்துக்கு மூன்று. செல்போன் டவர் இல்லாத இடத்தில் இன்றைக்கும் இதுதான். கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை போய்விடும். விசில் போகாது.

சரி, இப்போது கஷ்டமான பகுதிக்கு வருகிறேன்.

ஸ்காட்லாந்தில் கெய்ர்ன்கார்ம் என்று ஒரு மலைப்பீடபூமி. 1,000 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் வெட்டவெளி. குளிர்காலத்தில் வட துருவம் மாதிரி. அங்கே ஒதுங்குவதற்கென்று சின்னச் சின்னக் கல் குடில்கள் கட்டி வைத்திருந்தார்கள். அதில் ஒன்றின் பெயர் கர்ரன். நல்ல எண்ணத்தில் கட்டியதுதான். ஷிர்மானின் வைக்கோல் படுக்கை மாதிரி.

1971 நவம்பர். எடின்பரோவிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள், வயது 15, 16. கூடவே பயிற்றுநர்கள். இரண்டு குழுவாகப் பிரிந்து பீடபூமியைக் கடப்பது, ராத்திரி கர்ரன் குடிலில் தங்குவது - இதுதான் திட்டம். அனுபவமுள்ள பிள்ளைகளின் குழு குடிலை அடைந்துவிட்டது. அனுபவம் குறைந்த பிள்ளைகளின் குழுவுக்கு வழியில் பனிப்புயல். எதிரே நீட்டிய கை தெரியவில்லை. குடில் எங்கே? பனி மூடிய வெட்டவெளியில் ஒரு சின்னக் கல் பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? திறந்த வெளியில் பைக்குள் சுருண்டு இரண்டு ராத்திரி. மீட்க வந்த ஹெலிகாப்டர் முதலில் பார்த்தது, உதவி தேடிக் கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து வந்துகொண்டிருந்த 20 வயதுப் பயிற்றுநரை. அவரும் ஒரே ஒரு பையனும் பிழைத்தார்கள். ஐந்து பிள்ளைகளும், 18 வயது உதவிப் பயிற்றுநர் ஒருவரும் இறந்துபோனார்கள்.

பிறகு பெரிய விவாதம் நடந்தது. குடில்களை இடிக்கலாமா, வைத்திருக்கலாமா? 'உயிர் காக்கும் கூரையை இடிப்பதா?' என்று ஒரு கட்சி. 'அந்தக் கூரை இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் பிள்ளைகளைக் குளிர்காலத்தில் அவ்வளவு தூரம் கூட்டிப்போனார்கள். கூரை இல்லையென்றால் கிளம்பியிருக்கவே மாட்டார்கள்' என்று இன்னொரு கட்சி. 1975-ல் கர்ரன் குடில் அகற்றப்பட்டது. பிள்ளைகளைக் குளிர்காலத்தில் மேலே கூட்டிப்போகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதும் இறுக்கப்பட்டது.

நான் இரண்டாவது கட்சி. 1909-ல் ஷிர்மானின் பையன்களைக் காப்பாற்றியது கூரை மட்டும் இல்லை. அவர்கள் நடந்தது ஊர்களுக்கு நடுவே. இந்தக் கதவு இல்லாவிட்டால் அடுத்த கதவு. கெய்ர்ன்கார்மில் இருந்தது ஒரே கதவு. அதுவும் தெரியவில்லை. புதுசாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது, 'எல்லாம் சரியா நடந்தா ராத்திரி அங்கே போயிடலாம்' என்ற வாக்கியத்தில் வருகிற அந்த 'சரியா நடந்தா' இருக்கிறதே... அதுதான் ஆபத்து.

நம்ம ஊர்க் கதை உங்கள் நினைவுக்கு இந்நேரம் வந்திருக்கும். 2018 மார்ச் 11. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் பக்கம் குரங்கணி மலை. சென்னையிலிருந்து வந்த ஒரு குழு, ஈரோடு - திருப்பூர் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழு. பெண்கள் அதிகம். வாரக் கடைசியில் கொழுக்குமலை பார்க்க வந்தவர்கள். இறங்குகிற வழியில் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. மார்ச் மாதம், காய்ந்த புல், காற்று. தீ சமதளத்தைவிட மேட்டில் வேகமாக ஏறும். மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டே போகும். மலையில் பிறந்தவனுக்கு இது தெரியும். சென்னையிலிருந்து வந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? புகையைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு திசையில் ஓடினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்னால் அங்கே ஓடிப்போனது உள்ளூர் மக்கள்தான். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் போய்விட்டார்கள்.

அப்போது ஆளுக்கு ஆள் ஒரு குரல் கேட்டது, நினைவிருக்கிறதா? 'பொம்பளைப் புள்ளைங்களுக்குக் காட்டுல என்ன வேலை?' கிண்டரின் சீமான்களும் அதைத்தான் வேறு வார்த்தையில் கேட்டார்கள் - ஆலைத் தொழிலாளிக்கு மேட்டில் என்ன வேலை? கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தீக்காலத்தில் அந்தச் சரிவில் ஏன் நடக்க விட்டோம், வழி தெரிந்த உள்ளூர் ஆட்கள் எத்தனை பேர் கூட இருந்தார்கள் என்பது.

அதே வருடம் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிப்பது, அனுமதி வாங்குவது, தீக்காலத்தில் மூடுவது... 1820-க்குப் பிறகு ஷாமொனியில் நடந்தது, 1971-க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் நடந்தது, இங்கேயும் நடந்தது. எங்கேயும் விதிப் புத்தகத்தின் முதல் பக்கம் பிணவறையில்தான் எழுதப்படுகிறது போலிருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அறிவித்துத் திறந்தது. எளிது என்று போட்டிருக்கும் பாதையில் முதல் தடவை போகிறவர் தாராளமாகப் போகலாம். வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்து வைத்திருப்பது பெரும்பாலும் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களை. தாத்தா காலத்திலிருந்து தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் அதே தடத்தில் நடந்தவர்களின் பிள்ளைகள். யானை போன தடமா, எப்போது போனது, சாணி சூடா இருக்கா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள்.

நீங்கள் போவீர்கள். போக வேண்டும். நல்ல பாதையும் கிடைக்கும். பாதி தூரத்தில் அந்தப் பையன் நின்று, மேகத்தையோ புல்லையோ பார்த்துவிட்டு, 'இன்னைக்கு இதோட போதும் சார், திரும்பிடலாம்' என்பான். உங்கள் குழுவில் ஒருத்தராவது, 'பணம் கட்டி வந்திருக்கோம், இன்னும் கொஞ்ச தூரம்தானே!' என்று முகத்தைச் சுளிப்பார்.

அவரிடம் டாக்டர் ஹேமல் கதையைச் சொல்லுங்கள். அந்த 41 வருடத்தையும் சேர்த்து.